தட்டில் கருமணல்தான் நிற்கிறது, தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை: கோளாறு கையிலா, இடத்திலா?

#1 ஓடைக்கல்

எல்லோருக்கும் வணக்கம். பொழுதுபோக்காக ஓடையில் தங்கம் அரிக்க இறங்கி இப்போதுதான் கொஞ்ச காலம் ஆகிறது. நான் போகிற ஓடையில் கைக்கருவி வைத்து அரிக்க அனுமதி இருக்கிறது. அதை எழுத்தில் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். மேலே மலையில் அந்தக் காலத்துச் சுரங்கக் குழிகள் உண்டு. அதனால் ஓடையில் தங்கமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது.

என்னிடம் இருப்பது உள்பக்கம் வரிப்பள்ளம் வைத்த பச்சை பிளாஸ்டிக் தட்டு, ஒரு சல்லடை, ஒரு சின்ன மண்வாரி. ஓடை திரும்புகிற இடத்தில், வளைவின் உட்பக்க மணல்திட்டில் முழங்கால் ஆழம் தோண்டி அள்ளி அரிக்கிறேன். ஒவ்வொரு தட்டிலும் அடியில் கருமணல் நன்றாகத் தங்குகிறது. கருமணல் இருந்தால் தங்கம் இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். எனக்குக் கிடைப்பது கருமணல் மட்டும்தான்.

தங்கம் தட்டுக்கு வந்த பிறகு நான்தான் கழுவி வெளியே விடுகிறேனா, இல்லை தட்டுக்கே வரவில்லையா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரும்புத் தட்டு வாங்கினால் சரியாகுமா? சுலூஸ் பெட்டி வைத்தால் இன்னும் நிறைய மண் கழுவலாமே, நேராக அதற்கே போய்விடலாமா?

#2 பழையதட்டு

தம்பி, முதலில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கையா இடமா என்று பிரித்துப் பார்க்காமலே வருஷக்கணக்கில் ஓடையில் குனிந்து கிடப்பவர்கள் உண்டு. பிரித்துப் பார்ப்பதற்கு ஓடைக்கே போக வேண்டாம். வீட்டில் ஒரு அகலமான தொட்டி போதும்.

தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளில் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, கத்தரியால் பொடியாக நறுக்குங்கள். எத்தனை என்று எண்ணி, தங்கம் இல்லாத சாதாரண மணல் ஒரு தட்டில் கலந்து, வழக்கம்போல அரியுங்கள். முடிவில் எத்தனை நிற்கிறது என்று பாருங்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் ஈயத்தின் அடர்த்தி 11.3. சுத்தத் தங்கம் 19.3. ஆற்றுத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும் என்பதால் அதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஈயத்தைவிடக் கனம்தான். ஈயத்தை விடாத கை, அதே அளவும் வடிவமும் உள்ள தங்கத்தையும் விடாது.

தொட்டியில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தட்டிலிருந்து போனது தொட்டியின் அடியில் கிடக்கும். எந்த அசைவில் போனது என்று உடனே தெரிந்துவிடும். ஈயம் ஆற்றில் கலப்பதும் நல்லதில்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தட்டை மாற்ற வேண்டாம். இரும்புத் தட்டில் காந்தம் வைத்துக் கருமணலைப் பிரிக்க முடியாது, துருப்பிடிக்கும், பச்சையில் பளிச்சென்று தெரிகிற பொடித் தங்கம் அதில் கண்ணுக்குத் தப்பும்.

#3 சரளைமேடு

பழையதட்டு அண்ணன் கையைச் சொல்லிட்டார், நான் இடத்தைச் சொல்றேன். ஓடைக்கல், வளைவோட உட்பக்கம்னு நீங்க தேர்ந்தெடுத்தது சரிதான். ஆனா திட்டுல எந்த முனை? நீங்க "மணல்திட்டு"ன்னு எழுதியிருக்கீங்க. வெறும் மணலா இருந்தா அது பெரும்பாலும் திட்டோட கீழ்முனை. தண்ணி அசந்து போற இடம், அங்க லேசான மணல்தான் வந்து படியும்.

மேல்முனைக்குப் போங்க, அதாவது தண்ணி வந்து திட்டுல மோதுற பக்கம். தலையளவு கல்லும் கைப்பிடிக் கல்லும் சரளையும் இறுகிக் கிடக்கும். அந்தக் கல்லை நகர்த்துற அளவுக்கு வெள்ளம் வேகமா வந்து, அங்க வந்து வேகம் குறைஞ்சிருக்கு. தங்கமும் அந்த வேகத்துலதான் நகரும், அங்கதான் உட்காரும். தோண்டக் கஷ்டமா இருக்குன்னு எல்லாரும் விட்டுட்டுப் போற இடம் அது.

#4 நீலக்கூழாங்கல்

நிலவியல் படித்தவள் என்ற முறையில் கருமணல் பற்றி ஒரு விளக்கம். உங்கள் தட்டில் நிற்பது பெரும்பாலும் மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமமாக இருக்கும், அடர்த்தி ஏறத்தாழ 5.2. கூடவே ஹேமடைட், இல்மனைட், சிவப்பாகக் கார்னெட் இருக்கலாம். சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், 2.65 தான். கருமணல் நிற்கிறது என்றால், அந்த இடத்தில் ஓடை கனமானதையும் லேசானதையும் பிரித்துப் போட்டிருக்கிறது, உங்கள் கையும் அந்த அளவுக்குப் பிரிக்கிறது என்று அர்த்தம். அதைத் தாண்டி எதையும் சொல்லாது. மேக்னடைட் எத்தனையோ வகைப் பாறைகளில் இருக்கிறது. தங்கத்தின் வாசனையே இல்லாத ஓடையிலும் கருமணல் வண்டி வண்டியாகக் கிடக்கும். தங்கம் படிந்த இடத்தில் கருமணலும் சேர்ந்து படிந்திருக்கும் என்பது சரி. கருமணல் உள்ள இடமெல்லாம் தங்கம் என்று அதைத் திருப்பிப் போட முடியாது.

இன்னொன்று, ஓடை சாதாரணமாக ஓடும்போது தங்கம் பெரும்பாலும் அசைவதே இல்லை. பெருவெள்ளத்தில் படுகையின் சரளை மொத்தமும் கிளம்பி நகரும்போதுதான் அதுவும் நகர்கிறது. அதனால் இன்றைக்குத் தண்ணீர் ஓடும் கோட்டைப் பார்க்காதீர்கள். கரையில் வெள்ளம் ஏறிய அடையாளத்தைப் பார்த்து, அந்த உயரத்தில் தண்ணீர் போனால் எந்த வழியாகப் போகும் என்று மனசில் ஓட்டிப் பாருங்கள். பெருவெள்ளம் வளைவுகளைச் சுற்றிக்கொண்டு போகாது, உட்பக்க முனையிலிருந்து அடுத்த உட்பக்க முனைக்குக் குறுக்கே வெட்டிப் பாயும். தங்கம் ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான் வரும். அந்தக் கோட்டில் எங்கே சரிவு குறைகிறதோ, எங்கே குறுகல் முடிந்து ஓடை திடீரென்று அகலமாகிறதோ, எங்கே பெரிய பாறைக்குப் பின்னால் நீரோட்டம் சோர்கிறதோ அங்கெல்லாம் நின்று பாருங்கள்.

#5 ஓடைக்கல்

மூவருக்கும் நன்றி. தொட்டியில் செய்து பார்த்தேன். உருண்டையாக இருந்த ஈயக்குண்டு ஒன்றுகூடத் தப்பவில்லை. தட்டி நறுக்கிய பொடியில்தான் சில வெளியே போயிருந்தன. அதுவும் கடைசிக் கட்டத்தில், கருமணலை ஒதுக்கும்போது. இன்னொன்று கவனித்தேன்: ஒரு துண்டு மூழ்கவே இல்லை, தண்ணீர் மேல் மிதந்தது. ஈயம் எப்படி மிதக்கும்?

#6 பழையதட்டு

நல்ல கவனிப்பு. மெல்லிய தகடு நனையாமல் இருந்தால் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை அதைத் தாங்கிவிடும். பொடித் தங்கத்துக்கும் இதே கதைதான். புது பிளாஸ்டிக் தட்டில் வார்ப்பு எண்ணெய்ப் பசை இருக்கும், கையிலும் எண்ணெய் இருக்கும். அதில் ஒட்டிய தங்கம் மிதந்து விளிம்பைத் தாண்டிப் போய்விடும். தட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நன்றாகத் தேய்த்து, உள்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். கடைசிக் கட்டத்தை ஓடையில் செய்யாமல் கரையில் ஒரு வாளித் தண்ணீரில் செய்யுங்கள். அந்த வாளியில் ஒரே ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டால் மிதப்பது அடங்கிவிடும். ஓடைக்குள் சோப்பு போகக் கூடாது.

இப்போது அசைவு. புதிதாக வருபவர்கள் பலர் முறத்தில் புடைப்பது போலத் தட்டை எகிறவிட்டு லேசானதை வெளியே தள்ளப் பார்ப்பார்கள். தட்டு வேலையில் தள்ளுவது இரண்டாவது. அடியில் இறக்குவதுதான் முதல். தட்டு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். உள்ளே கையை விட்டு மண்ணைப் பிசைந்து, களிமண் கட்டி ஒன்றுகூட இல்லாமல் கரையுங்கள். களிமண் உருண்டை தட்டிலிருந்து உருண்டு போகும்போது தன்மேல் ஒட்டிய தங்கத்தையும் கூட்டிக்கொண்டு போகும். பெரிய கற்களைத் தண்ணீரிலேயே அலசி எடுத்துப் போடுங்கள். பிறகு தட்டைச் சமமாகப் பிடித்து, இடமும் வலமும் வேகமாகக் குலுக்குங்கள். மண் முழுதும் கூழ் போல இளகி அலைய வேண்டும். இளகினால்தான் கனமானது இறங்கும். இறுகிக் கிடக்கும் மண்ணை எவ்வளவு நேரம் சுழற்றினாலும் ஒன்றும் இறங்காது.

அதற்கப்புறம் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தைக் கீழாக்கிச் சாய்த்து, தண்ணீரை முன்னும் பின்னும் மெல்ல அலையவிட்டு மேல் மண்ணை மட்டும் வழித்துவிடுங்கள். கொஞ்சம் வழித்ததும் மறுபடி சமமாக்கிக் குலுக்குங்கள். குலுக்கல், வழித்தல், குலுக்கல். வெள்ளை மணல் போய்க் கருமணல் முகம் காட்டிய பிறகு சாய்வைக் குறைத்து, அலையைப் பாதியாக்கிவிடுங்கள். உங்கள் பொடி போனது அந்த இடத்தில்தான். முடிவில் ஒரு வாய் தண்ணீரோடு தட்டைச் சாய்த்து மெல்லச் சுழற்றினால் கருமணல் விசிறியாக விரியும், தங்கம் அதன் வாலில் பின்தங்கி நிற்கும்.

இன்னொன்று, சல்லடையை விடாதீர்கள். சின்னதும் பெரியதும் கலந்த மண்ணில் பெரிய கல்லை நகர்த்தத் தேவையான அசைவே பொடித் தங்கத்தைக் கிளப்பிவிடும். ஒரே அளவுக்கு வந்த மண்ணில் மெல்லிய அசைவே போதும்.

#7 இக்கரை

தட்டு அரிக்கும் உலகப் போட்டிகள் நடக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? பின்லாந்தின் லாப்லாந்தில் தாங்கவாரா என்ற ஊர் அதற்குப் பேர்போனது. வாளி மணலில் தங்கத் துகள்களைக் கலந்து கொடுப்பார்கள். எத்தனை போட்டிருக்கிறது என்று போட்டியாளருக்குத் தெரியாது. தவறவிடும் துகளுக்கு நேரத்தில் அபராதம் ஏறும். வேகமும் வேண்டும், ஒன்றும் தப்பவும் கூடாது. அவர்கள் கையைக் கவனித்தாலே பழையதட்டு ஐயா சொன்ன குலுக்கல் என்னவென்று புரிந்துவிடும்.

சுலூஸ் பெட்டி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

#8 சரளைமேடு

சொல்லிடுறேன். சுலூஸ்ங்கறது ஒரு நீளமான வாய்க்கால் பெட்டி. அடியில ரோமப் பாய், அதுக்கு மேல குறுக்குக் கட்டைகள். மேல்பக்கம் மண்ணைப் போட்டா தண்ணி லேசானதை அடிச்சுட்டுப் போகும், கட்டைக்குப் பின்னால உண்டாகிற சுழிப்புல கனமானது பாய்க்குள்ள இறங்கிடும். சாய்வு ஒரு மீட்டர் நீளத்துக்கு 8 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சுப் பாருங்க, அப்புறம் தண்ணியைப் பார்த்து ஏத்தி இறக்கிக்கலாம். கூழாங்கல் தானா உருண்டு வெளியே போகணும், கட்டைக்குப் பின்னால மணல் இறுகி அடைஞ்சு நிக்கக் கூடாது. அடைஞ்சா சாய்வு போதலை. பாய் வெறிச்சுன்னு தெரிஞ்சா சாய்வு ஜாஸ்தி.

மண்ணை மொத்தமா கவுக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. பெட்டியோட வாயிலிருந்து வெளியே விழுற மண்ணை அப்பப்ப ஒரு தட்டு எடுத்து அரிச்சுப் பாருங்க. அதுல தங்கம் தெரிஞ்சா பெட்டி ஒழுங்கா நிக்கலைன்னு அர்த்தம்.

#9 பழையதட்டு

எல்லாம் சரி. ஆனால் தம்பி ஓடைக்கல்லுக்கு இப்போது பெட்டி வேண்டாம் என்பேன், கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். பெட்டி மண் கழுவும் கருவி. தங்கம் தேடும் கருவி தட்டுதான். தங்கம் எங்கே என்று தெரியாமல் பெட்டியை இறக்கினால், ஒன்றுமில்லாத மண்ணை வேகமாகக் கழுவுவீர்கள், அவ்வளவுதான்.

முதலில் மாதிரி எடுங்கள். ஒரு சின்ன வாளியை அளவாக வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதே அளவு மண்தான் எடுக்க வேண்டும். ஓடையை ஒரு தாளில் கோட்டோவியமாகப் போட்டு, எடுத்த இடம், எடுத்த ஆழம், தட்டில் தெரிந்த துகள் எத்தனை என்று குறித்துக்கொண்டே போங்கள். ஒரு துகளாக இருந்தாலும் குறியுங்கள், ஒன்றுமில்லை என்றாலும் குறியுங்கள். கிளை ஓடை வந்து சேரும் இடம் கிடைத்தால் சேர்வதற்கு மேலே முதன்மை ஓடையில் ஒன்று, கிளையில் ஒன்று, சேர்ந்த பிறகு ஒன்று எடுங்கள். தங்கம் எந்த வழியாக வருகிறது என்று அந்த மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும். மேலே போகப் போக எண்ணிக்கை கூடி ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிட்டால், பக்கத்து மலைச்சரிவிலிருந்து அது ஓடைக்குள் வந்த இடத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

துகளின் முகத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள். விளிம்பு உருண்டு தட்டையாக இருந்தால் நெடுந்தூரம் அடிபட்டு வந்தது. முனை முனையாக, வெள்ளைக்கல் ஒட்டிக்கொண்டு இருந்தால் பிறந்த இடம் பக்கத்தில்தான்.

அப்புறம், திட்டைக் கிளறுவதைவிட அடிப்பாறைக்கு இறங்குங்கள். சரளை கிளம்பும் ஒவ்வொரு வெள்ளத்திலும் தங்கம் இறங்கி இறங்கி, இனி இறங்க இடமில்லை என்று பாறையில் போய் நிற்கும். 1896-இல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் பொனான்சா ஓடையில் தங்கம் தெரிந்த பிறகு, உறைந்து இறுகிய தரையில் நெருப்பு மூட்டி இளக்கி இளக்கி அடிப்பாறை வரைக்கும் குழி இறக்கினார்கள். அவ்வளவு பாடுபட்டு இறங்கினார்கள் என்றால் சும்மா இல்லை.

#10 சரளைமேடு

அண்ணா, இதுல மட்டும் உங்களோட ஒத்துப்போக முடியலை. அடிப்பாறை கைக்கு எட்டினா இறங்கலாம். எத்தனையோ ஆத்துல சரளையே பல மீட்டர் ஆழம். கைமண்வாரி வெச்சுக்கிட்டு எப்படி இறங்குவீங்க? ஆழக் குழி தண்ணியும் மண்ணும் சரிஞ்சு ஆளை மூடிடும். வெள்ளம் ஒவ்வொரு தடவையும் பொடித் தங்கத்தைத் திட்டோட மேல்தோல்ல ஒரு மெல்லிய அடுக்கா விட்டுட்டுப் போகுது. அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்து ஸ்நேக் ஆறு இந்த மாதிரி மாவுத் தங்கத்துக்கே பேர் வாங்கினது. அங்க மேல்சரளையை வழிச்சு எடுத்துத்தான் அரிச்சிருக்காங்க. ஆழம் போகப் போகத் தங்கம் கூடும்னு எல்லா ஆத்துக்கும் ஒரே சட்டம் போட முடியாது.

#11 பழையதட்டு

பெரிய ஆற்றுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், மறுக்கவில்லை. இவர் போவது மலையடி ஓடை. மண் குறைவு, பாறை பக்கத்தில். அங்கே அடிப்பாறையை விட்டுவிட்டுத் திட்டை மட்டும் கிளறுவது நியாயமில்லை.

#12 நீலக்கூழாங்கல்

இரண்டு அண்ணன்மாரும் சொல்வது இரண்டு வேறு தங்கம். வெள்ளம் தூக்கிவந்து திட்டின் மேல்தோலில் விடுவது மெல்லிய, தட்டையான பொடி. மணியாக, கனமாக இருப்பது அவ்வளவு எளிதில் மேலே வராது. அது பாறையோடு கிடக்கும். ஓடைக்கல் இரண்டிலும் மாதிரி எடுத்துப் பார்த்தால் அவருடைய ஓடை எந்த வகை என்று தெரிந்துவிடும்.

அடிப்பாறை என்றால் உண்மையான பாறைதான் என்றும் இல்லை. சரளைக்கு நடுவே இறுகிய களிமண் படலம் இருந்தால் தங்கம் அதன் மேலேயே நின்றுவிடும். அந்தப் படலத்தைக் குத்திக் கீழே போய் வெறுங்கையோடு வருபவர்கள், நின்ற தங்கத்தைத் தோண்டிக் கரையில் கொட்டியிருப்பார்கள்.

ஓடையை மட்டும் பார்க்காமல் கரைக்கு மேலேயும் ஒரு கண் வையுங்கள். ஓடை காலப்போக்கில் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே போகும். பழைய படுகை மேட்டில் தங்கிவிடும். மலைச்சரிவில், இன்றைய தண்ணீருக்கு எட்டாத உயரத்தில், உருண்டு மழுங்கிய கூழாங்கல் வரிசை தெரிந்தால் அது பழைய ஆறு. குளோண்டைக்கிலேயே ஓடைக்கரையெல்லாம் பிடிபட்ட பிறகு வந்தவர்கள் குன்றின் மேல் வெள்ளைச் சரளையில் தோண்டி நல்ல தங்கம் எடுத்தார்கள். அனுபவசாலிகள் அங்கே தங்கம் இருக்காது என்று விட்டுவைத்திருந்த இடம் அது.

#13 புதுவெள்ளம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கருமணலில் கலந்த பொடித் தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் போட்டால் சுலபம் என்று ஒருவர் சொன்னார். தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளுமாம், பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடலாமாம். கொஞ்சமாகப் பயன்படுத்தினால் பரவாயில்லையா?

#14 நெறியாளர்

பரவாயில்லை என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அந்தப் பதிவை நீக்கிவிடுவேன். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சூடாக்கினால் பல மடங்கு. மூச்சுக்குள் போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம். ஆற்றில் சிந்தியது சேற்றிலுள்ள நுண்ணுயிர்களால் மெதில் பாதரசமாகி மீனுக்குள் ஏறும், மீனைத் தின்பவருக்குள் ஏறும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்று, 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. தங்கம் எடுப்பதில் பாதரசத்தைக் குறைப்பதும் முடிந்தவரை ஒழிப்பதும் அதில் ஒரு பகுதி.

19-ஆம் நூற்றாண்டில் கலிபோர்னியாவில் சுலூஸ்களில் ஊற்றிய பாதரசம் இன்னும் அந்த ஆற்றுப் படிவுகளில் இருக்கிறது. பழைய சுரங்கப் பகுதி ஓடைகளில் அரிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: தட்டில் வெள்ளி நிறமாக உருளும் துளியோ, வெள்ளி பூசியது போன்ற தங்கமோ வந்தால் கையால் தொட வேண்டாம், ஆற்றில் திருப்பிக் கொட்டவும் வேண்டாம். தனிக் குப்பியில் தண்ணீர் மூடியிருக்கும்படி போட்டு இறுக மூடி, நச்சுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். நெருப்பு, அமிலம் எதையும் வீட்டில் முயலாதீர்கள்.

#15 இக்கரை

மின்னுவதெல்லாம் தங்கம் என்று ஏமாறுவது பற்றியும் சொல்லிவிடலாம், ஓடைக்கல் அடுத்து அங்கேதான் வந்து நிற்பார். காக்காப்பொன் தகடு தண்ணீரில் பளபளவென்று சுற்றிக்கொண்டே இருக்கும், அடியில் நிற்காது. ஊசியால் குத்தினால் ஏடு ஏடாகப் பிரியும். தங்கம் போல மின்னும் பைரைட் என்ற கனிமம் கொஞ்சம் கனம், அடர்த்தி 5 கிட்ட, அதனால் கருமணலோடு நிற்கும். கனசதுரமாக, தீட்டிய முகத்தோடு இருக்கும். தட்டைத் திருப்பத் திருப்ப ஒரு கணம் மின்னி ஒரு கணம் கறுக்கும். ஊசி பட்டால் நொறுங்கும். தங்கம் வெயிலிலும் நிழலிலும் ஒரே மஞ்சள். உங்கள் உடம்பால் நிழல் விழச் செய்து பாருங்கள், நிறம் மாறாது. ஊசி பட்டால் குழி விழும், உடையாது.

1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில், மரம் அறுக்கும் ஆலையின் நீர்க்கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் அந்த மஞ்சள் துணுக்கை எடுத்தபோது இதே சோதனைதான் செய்தார். கல்லில் வைத்துக் கல்லால் தட்டினார், அது உடையாமல் தட்டையானது.

#16 நீலக்கூழாங்கல்

அனுமதி பற்றி ஓடைக்கல் முதலிலேயே சொல்லிவிட்டார், நல்லது. படிக்கும் மற்றவர்களுக்காக: இது நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டுக்குள் ஆற்றுக்கு ஆறும் மாறும். நியூசிலாந்தின் தென்தீவில் பொதுமக்கள் கைக்கருவியோடு அரிப்பதற்கென்றே பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே தனி அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் உரிமச் சீட்டு எடுக்க வேண்டும், 10 ஆண்டு செல்லும். கலிபோர்னியாவில் தட்டு வைத்து அரிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் ஆற்றடி மண்ணை இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பதை 2009-இல் நிறுத்திவிட்டார்கள். பொது நிலமாகத் தெரிவதில் வேறொருவர் சுரங்க உரிமை வாங்கி வைத்திருக்கலாம். "யாரும் தடுக்கவில்லை" என்பது அனுமதி ஆகாது.

சட்டத்தைத் தாண்டி ஓடைக்கு நாம் பட்ட கடன் ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் பீரங்கி போன்ற குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைத்தார்கள். அந்த மண் யூபா ஆற்றின் படுகையை மேடாக்கி, கீழே இருந்த வயல்களிலும் ஊர்களிலும் வெள்ளத்தை ஏற்றியது. விவசாயிகள் வழக்குப் போட்டு, 1884-இல் நீதிபதி லொரென்சோ சாயர் மண்ணை ஆற்றில் தள்ளத் தடை விதித்த பிறகுதான் அது அடங்கியது. நம் மண்வாரி அதில் துளி அளவுகூட இல்லை, ஆனாலும் வேலை அதே வேலை. கரையைக் குடையாதீர்கள், கரை சரிந்தால் மண் ஓடைக்கு, கல் உங்கள் தலைக்கு. மரவேர்களுக்கு அடியில் தோண்டாதீர்கள். தோண்டிய குழியை அன்றைக்கே மூடுங்கள். சில மீன்கள் சரளைக்குள்தான் முட்டையிடும். அந்தப் பருவத்தில் படுகையை மிதிக்கவே கூடாது. சுற்றிலும் பாசி பிடித்திருக்க, நடுவே ஓர் இடம் மட்டும் சுத்தமாகக் கழுவியது போலச் சரளை வெளுத்துத் தெரிந்தால் அது மீன் முட்டையிட்ட குழியாக இருக்கலாம். எட்டிப் போய்விடுங்கள்.

#17 ஓடைக்கல்

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மாதிரி எடுத்துக்கொண்டே மேலே போனேன். திட்டின் கீழ்முனை மணலில் எடுத்த எதிலும் ஒன்றுமில்லை. மேல்முனையில், கற்களுக்கு நடுவே மேல்தோலில் எடுத்த தட்டில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற பொடி ஒன்றிரண்டு இருந்தது. ஊசிச் சோதனையும் சரியாக வந்தது. முதல் தங்கம்! அங்கிருந்து மேலே, இடப்பக்கம் ஒரு சின்னக் கிளை ஓடை சேருகிறது. கிளையில் ஒன்றுமில்லை. முதன்மை ஓடையில் தொடர்கிறது. அதற்கும் மேலே சிலேட்டுப் பாறை தகடு தகடாக நிமிர்ந்து ஓடைக்குக் குறுக்கே ஓடுகிறது. அதன் கீழ்ப்பக்கம் எடுத்த தட்டில் கைவிரல்களுக்கு மேலேயே எண்ண முடிந்தது, ஒன்று கொஞ்சம் கனமாக, உருட்டினால் உருள்கிற மாதிரி. தகடுகளின் இடுக்குகளெல்லாம் கல்லும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. அதை எப்படி எடுப்பது?

#18 பழையதட்டு

தம்பி, அதுதான் இடம்! குறுக்கே நிமிர்ந்து நிற்கும் சிலேட்டு, இயற்கையே போட்டு வைத்த குறுக்குக் கட்டை. வழவழவென்று தேய்ந்த கருங்கல்லில் ஓடிப் போகிற தங்கம் இதில் மாட்டிக்கொள்ளும்.

கடப்பாரை தேவையில்லை. முனை வளைந்த நீளமான திருப்புளி, ஒரு பழைய கரண்டி, ஒரு விறைப்பான தூரிகை, துகளைத் தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கும் குப்பி. அகல இடுக்கைவிட, மேலே குறுகி உள்ளே விரியும் இடுக்கை முதலில் எடுங்கள். மேலே இறுகிய கல் ஆப்பு மாதிரி அடைத்திருக்கும். அதை நெம்பி எடுத்து, அப்படியே வாளிக்குள் வைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள், கரையில் வீசாதீர்கள். துருப்பிடித்த ஆணி, இரும்புத் துண்டு, துப்பாக்கி ஈயம் வந்தால் உற்சாகமாகத் தொடருங்கள். கனமானதெல்லாம் அந்த இடுக்கில் போய் மாட்டுகிறது என்று அது சொல்கிறது. தண்ணீருக்கு வெளியே உள்ள இடுக்கிலிருந்து தொடங்குங்கள், ஓட்டத்தில் தங்கம் அடித்துப் போகாது. அடியில் சாம்பல் நிறக் களி இருந்தால் அதுதான் முக்கியம். ஒரு விரல் தடிமன் இருந்தாலும் சுரண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, விரலிடுக்கில் வழவழப்பு போகும் வரை கரைத்து அரியுங்கள். பாறையின் முகத்தையும் தூரிகையால் கழுவி அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள்.

தகடுகளைப் பிளந்து உடைக்க விதிமுறை இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பாறையை உடைக்கக் கூடாது, இடுக்கைச் சுத்தம் செய்யலாம். தனியாகப் போகாதீர்கள்; குளிர்ந்த தண்ணீரில் கை மரத்துப்போவது தெரியாமலே நேரம் போய்விடும். மேலே மலையில் மேகம் கறுத்தால் உடனே கரையேறுங்கள்.

#19 சரளைமேடு

வாழ்த்துகள்! அண்ணன் சொன்ன அடிப்பாறை உங்களுக்குக் கிடைச்சிருச்சு, நான் சொன்ன மேல்தோல் பொடிதான் வழி காட்டியிருக்கு. ரெண்டு பேருக்கும் சந்தோஷம். இனிமே வேணும்னா அந்தப் பாறைக்குக் கீழே பெட்டியை வைக்கலாம், விதி இடம் கொடுத்தா.

#20 ஓடைக்கல்

நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று. மிஞ்சிய கருமணலை வீட்டுக்குக் கொண்டுவந்து காந்தம் வைத்துப் பிரிக்கலாமா? காந்தத்தோடு தங்கமும் போய்விடாதா?

#21 பழையதட்டு

தங்கம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் காந்தத்துக்குத் தாவும் மேக்னடைட் கொத்துக்குள் மாட்டிக்கொண்டு போகும். மணலை நன்றாகக் காயவைத்து வெள்ளைத் தாளில் மெல்லியதாகப் பரப்புங்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மணலைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் நகர்த்துங்கள். ஏறியதை இன்னொரு தாளுக்குக் கொண்டுபோய், பையிலிருந்து காந்தத்தை மேலே இழுத்தால் மணல் உதிர்ந்துவிடும். அந்தக் குவியல் மேலேயும் ஒருமுறை காந்தத்தை ஓட்டுங்கள், மாட்டிக்கொண்டது தாளில் நின்றுவிடும். ஹேமடைட்டும் கார்னெட்டும் காந்தத்துக்கு வராது, அவற்றைச் சல்லடையில் அளவு பிரித்து, சொட்டு சோப்பு விட்ட வாளியில் தட்டாலேயே ஒதுக்க வேண்டியதுதான்.

பிரித்த கருமணலைக் கொட்டாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். கை இன்னும் பழகிய பிறகு மறுபடி அரித்தால் அதிலும் பொடி வரும். வெள்ளம் வந்து வடிந்த பிறகு அதே சிலேட்டு இடுக்குகளையும் ஒருமுறை பாருங்கள். காலி செய்த இடுக்கில் புதிதாக வந்து சேர்ந்திருக்கும்.